குணாவின் கார் கண்ணாடியில் நான் வைத்த பொட்டு

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கினால் போதும், "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று வாயைக் கொடுத்துவிடுவேன். நான் பார்த்துக்கொண்டும் இரண்டு கல்யாணங்களும் ஒரு கிரகப்பிரவேசமும் எப்படியோ தப்பிப் பிழைத்தன. குணாவின் கார் தப்பவில்லை.

தொண்ணூறுகளில் நடந்தது. மலேசியாவில் புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குணாவும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடு. பிறகு நான் மலாக்கா டவுனில் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனேன். அவன் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அடிபட்டுக் கிடந்த பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்துப் பந்தயக் காராக மாற்றியிருந்தான். தவுக்கேயிடம் ஒரு பந்தயக் குழு இருந்தது. அதில் ஓர் ஓட்டுநர் இடம் காலி. ஜொகூர் பந்தயத் திடலில் மூன்று சுற்று வேகமாக ஓட்டிக் காட்டினால் இடம் குணாவுக்கு. இல்லையென்றால் ஸ்பேனரும் கையுமாக அப்படியே இருக்க வேண்டியதுதான். இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்று தவுக்கே முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்கு முதல் நாள் குணாவின் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பூச போடாம அந்த ரோட்டுல வண்டி ஏறக் கூடாது. அவனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. சேகரு, நீதான்யா பொறுப்பு."

ஒரு பிளாஸ்டிக் பையில் நாலு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய், திருநீறு, குங்குமம்.

"நீங்க கவலய விடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்றேன். (சொல்லிட்டேனா? முடிஞ்சுது கதை.)

மறுநாள் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஈரத்தில் தார்ரோடு பளபளவென்று கிடந்தது. வானம் இன்னும் பாக்கி வைத்திருந்தது. கார்களை நிறுத்தும் கொட்டகைக்குள் பூஜையை ஆரம்பித்தேன். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். தேங்காயை உடைத்தேன். அடுத்தது பொட்டு. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. மழையில் பொட்டு கரைந்துவிட்டால் அத்தைக்கு என்ன பதில் சொல்வது?

அந்தக் காலத்தில் எனக்குத் தலைமுடி இருந்தது. அதைப் படிய வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் புட்டி ஒன்று எப்போதும் பையில் இருக்கும். திருநீற்றையும் குங்குமத்தையும் எண்ணெயில் நன்றாகக் குழைத்து, முன்கண்ணாடியில், அதுவும் ஓட்டுபவன் பக்கமாகப் பார்த்து, தோசை அகலத்துக்கு அப்பினேன். சாமியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் தெம்பாக இருக்குமே!

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்த குணா தயங்கினான். "ரொம்ப பெருசா இருக்கே மச்சான்."

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் பாக்காத லா. ஏறு."

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் சீறிக் கிளம்பியது. அந்த நிமிஷமே மழை கொட்டியது. குணா வைப்பரைப் போட்டான்.

நான் பெருமையோடு குடையைப் பிடித்து நின்றேன். பக்கத்தில் தவுக்கே, கையில் ஸ்டாப் வாட்ச். முதல் சுற்று முடிந்து கார் எங்கள் எதிரே வந்தபோது முன்கண்ணாடி முழுக்க ஒரே செக்கச் செவேல். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதை அழகாக மெழுகிக்கொண்டிருந்தது.

"தாரா! தாரா!" என்று கத்தினார் திடலில் கொடி பிடித்திருந்த மலாய்க்காரர். ரத்தமாம்! நான் குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். நாலாவது அடியில் சிலிப்பர் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே கொஞ்ச தூரம் போனேன். நிமிர்ந்து பார்த்தால், குணா ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, முகத்தில் மழை அறைய அறைய ஓட்டிக்கொண்டு போகிறான். நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. கார் மட்டும் கோடு போட்டதுபோலப் போனது. மூன்று சுற்றையும் முடித்துவிட்டுத்தான் வந்தான்.

"ஏன்டா நிறுத்தல?" என்றேன், சேறும் சகதியுமாக.

"நிறுத்தியிருந்தா அவ்வளவுதான்டா. தவுக்கே திரும்பி வீட்டுக்குப் போயிருப்பாரு." குளிரில் அவன் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "அதுசரி, என்னத்தடா கலந்த?"

தவுக்கே கண்ணாடியை விரலால் தொட்டு முகர்ந்தார். "மினியாக் கெலாப்பா?" என்றார். ஆமாம், தேங்காய் எண்ணெய்தான். என் தலையும் அதே வாசனை. அவர் என் தலையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், பிறகு வாட்சை நீட்டிக் காட்டினார். அன்றைக்கு அந்த ஈரத்தில் ஓடிய மற்ற கார்களில் ஒன்றுகூட அவ்வளவு குறைந்த நேரத்தில் சுற்றி வரவில்லை.

"பூத்தா பூன் போலே பாவா" என்று குணாவின் தோளைத் தட்டினார். கண் தெரியாவிட்டாலும் ஓட்டுகிறானே என்று அர்த்தம். குணா ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பிக்கொண்டான். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. எங்கள் லயத்துப் பையன் சார்! மழை மட்டும் இல்லையென்றால் நான் அழுதது ஊருக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த எட்டு வருஷம் குணா அந்தக் குழுவில் ஓட்டினான். அவன் கோப்பைகள் புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் அவன் வீட்டு அலமாரியில் இடமில்லாமல் நிற்கின்றன. ஆனால் அத்தையைக் கேட்டுப் பாருங்கள். "எல்லாம் சேகரு வெச்ச பொட்டுதான்" என்பார். குணா மறுத்துப் பேசியதே இல்லை.

போன மாதம் அவன் மகள் புதுக் கார் எடுத்தாள். பூஜை போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் எந்தக் கார் வந்தாலும் நான்தான். நான் குங்குமத் தட்டைக் கையில் எடுத்ததும், "அப்பா, மாமா ரெடி!" என்று அவள் குரல் கொடுத்தாள்.

குணா பழைய பேப்பரோடு வந்து முன்கண்ணாடி முழுவதையும் மூடி ஒட்டினான். பிறகு என் தலையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்ப வை மச்சான்" என்றான்.