கருப்பராயன் சேவலும் நான் ஒத்துக்கொண்ட குற்றமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். நோட்டைத் திறப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். (பிள்ளையாருக்கே சலித்திருக்கும்.) ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்யாத குற்றத்தை எவனாவது ஒத்துக்கொள்வானா என்று கேட்கிறார்கள். ஒத்துக்கொள்வான். நானே ஒத்துக்கொண்டேன். அதுவும் கோர்ட்டில், கை கட்டிக்கொண்டு, சத்தமாக.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. சூலூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் எனக்கு வேலை. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்காக என் வீட்டுக்காரி சரசு, கருப்பராயனுக்கு ஒரு சேவலை நேர்ந்து விட்டிருந்தாள். எங்கள் கோயிலில் அறுப்பதில்லை. குழந்தை பிறந்த மூன்றாவது அமாவாசைக்குள் சேவலை உயிரோடு கோயிலில் விட்டுவிட வேண்டும். நேர்ந்த சேவலுக்குப் பதிலாக வேறு சேவல் செல்லாது. சேவல் பார்க்கத்தான் ராஜா மாதிரி இருக்கும். பெட்டைக்கோழி முறைத்தால் ஒதுங்கி வழி விடும்.

அந்த அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் சேவலின் காலைக் கட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒரு தென்னந்தோப்புப் பக்கத்தில் செயின் கழன்றது. சேவலைக் கையில் எடுத்துக்கொண்டு செயினோடு மல்லுக்கட்டும்போது, தோப்புக்குள்ளிருந்து பத்துப் பதினைந்து பேர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பின்னால் போலீஸ். உள்ளே சேவல்கட்டு. அதாவது சேவல்களை மோதவிட்டு நடக்கிற சூதாட்டம்.

எல்லோரும் ஓடினார்கள். நான் என்ன தப்பு செய்தேன், ஓடுவதற்கு? நின்றேன். நின்றதால் முதலில் பிடிபட்டவன் நான்தான். ஓடியவர்களில் மூன்று பேர் மட்டுமே அகப்பட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். என்னையும் சேவலையும் பார்த்தார்.

"யோவ், சேவல் கட்டுனியா?"

சேவல் கட்டுவது என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் எனக்கு என் பேரே மறந்துவிடும்.

"ஆமாங்க, நாந்தானுங்க கட்டினேன். ரெண்டு காலையும் சேத்து நல்லா இறுக்கிக் கட்டினனுங்க."

"எத்தனை வருசமா கட்டுற?"

"எப்பக் கோயிலுக்குப் போனாலும் கட்டறதுதானுங்க."

"கோயில்ல வெச்சே கட்டுறானாம்யா. எழுதிக்க."

மறுநாள் கோர்ட்டுக்கு வரச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு என்னை விட்டார்கள். சேவலை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சரசு கேட்டாள்: "ஏனுங்க, சேவல உட்டாச்சுங்களா?"

"சேவல் ஸ்டேசன்ல இருக்குது அம்மணி."

"அய்யோ! அது என்னங்க பண்ணுச்சு?"

(என்னைப் பற்றிக் கேட்கவே இல்லை.) விஷயம் புரிந்ததும் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நாளைக்குச் சாயங்காலம் பூசைக்குள்ள சேவல் கோயில்ல இருக்கோணுங்க. நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாது. ஏழு வருசங்க..." 

மறுநாள் கோர்ட்டு வாசலில் எங்கள் ஊர் ஏட்டய்யா என்னை ஒரு வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இங்க பாருங்க பழனிச்சாமி. செய்யலைன்னு சொன்னீங்கன்னா வாய்தா. வாய்தா மேல வாய்தா. வக்கீல் வெக்கோணும், சாட்சி வரோணும். கேசு முடியற வரைக்கும் சேவல் எங்ககிட்டத்தான்."

"எரை போடுவீங்களாங்க?"

"போடுவோம்." மீசையைத் தடவினார். "ஆனா பாருங்க, போன வருசம் இப்படித்தான் ஒரு சேவல் தப்பிச்சு ஓடிருச்சு. அன்னைக்கு மத்தியானம் ஸ்டேசன்ல கொழம்பு அருமையா இருந்துச்சு."

"நான் ஒத்துக்கிட்டா என்னாகுமுங்க?"

"அபராதத்தக் கட்டிப்போட்டு மத்தியானமே ஊட்டுக்குப் போலாம். சேவல இங்கயே ஏலம் உடுவாங்க, எடுத்துக்குங்க."

உண்மையைச் சொன்னால் சாமிக்குச் சொன்ன வாக்கு போய்விடும். வாக்கைக் காப்பாற்றினால் வாயில் பொய். வேப்பமரத்தையே மூன்று சுற்று சுற்றிக் கும்பிட்டேன். மரம் ஒன்றும் சொல்லவில்லை. மடியில் குழந்தையோடு சரசு உட்கார்ந்திருந்ததுதான் கண்ணுக்குள் நின்றது.

கூண்டில் ஏறினேன். மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாக என் நெற்றி விபூதியைப் பார்த்தார்.

"சேவலை வைத்துச் சூதாடினீர்களா?"

"ஆடினனுங்கய்யா."

"நிஜமாகவா?"

நம்ப மாட்டாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. "நல்லா ஆடினனுங்கய்யா!"

"யாராவது மிரட்டி ஒத்துக்கொள்ளச் சொன்னார்களா?"

"இல்லீங்க, நானேதானுங்க. இனிமேலும் ஆட..." 'ஆட மாட்டேன்' என்று சொல்ல வந்தவனுக்கு எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் ஏட்டய்யா முகம் வெளுத்துப்போனார். "...மாட்டனுங்க!" என்று கத்தினேன். கோர்ட்டே சிரித்தது.

அபராதம் கட்டி வெளியே வந்தால் அங்கே வேறு வினை. என்னோடு ஒத்துக்கொண்ட அந்த மூன்று பேரும் தங்கள் சேவல்களை விட்டுவிட்டு என் சேவலையே ஏலம் கேட்கிறார்கள்! "இந்தாளு ஒத்தச் சேவலுக்காக இந்தக் கத்துக் கத்தறான்னா, இது பெரிய கட்டுச் சேவலாத்தான் இருக்கும்" என்று ஒருவர் மற்றவர் காதில் சொன்னது எனக்கே கேட்டது. விலை ஏறியது. என் சட்டைப்பை காலியாகிக்கொண்டே வந்தது. தாங்க முடியாமல் அழுதேவிட்டேன்.

"அண்ணா, அது சண்டை போடாதுங்க! கருப்பராயனுக்கு நேந்து உட்ட சேவலுங்க! இன்னைக்குத்தானுங்க கடைசி நாளு!"

மூன்று பேரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். ஏலம் என் பேரிலேயே முடிந்தது. அவர்களில் மூத்தவர் தோளிலிருந்த துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு சேவலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"சாமி சேவலா? அப்பவே சொல்றதுக்கென்னுங்க? அப்பறம் நீங்க எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க?"

"இல்லைன்னா வாய்தாவாமுங்க."

"அட கெரகமே! தோப்புக்குள்ள உங்கள நாங்க பாக்கவேயில்லையே!"

நான் குற்றவாளி இல்லை என்பதை அந்த இரண்டு நாளில் நம்பியவர்கள் நிஜக் குற்றவாளிகள் மூன்று பேர் மட்டும்தான். அதில் ஒருவர் தன் மோட்டார்சைக்கிளில் என்னையும் சேவலையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். தீபாராதனைக்கு மணி அடிக்கும்போது போய்ச் சேர்ந்தோம். சரசு குழந்தையோடு நின்றாள். கட்டை அவிழ்த்துச் சேவலைக் கோயில் வாசலில் விட்டேன். மண்ணில் விழுந்து, "கோர்ட்டில் சொன்னது பொய் சாமி, உனக்குத் தெரியும்" என்று அழுதேன்.

பூசாரி விபூதியை நீட்டி, "என்னப்பா, அப்பீலா?" என்றார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒரு குழந்தை. ஆனால் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி நிரம்பினாலும் யாரும் விசாரிப்பதில்லை. "அப்பா ஒத்துக்குவாருங்க" என்பாள் மகள். நானும் ஒத்துக்கொள்கிறேன். சீக்கிரம் முடிந்துவிடுகிறது. போன வாரம் பேத்தி சுவரில் கிறுக்கிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே என்னைக் காட்டினாள்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சண்டைச் சேவலுக்குக் கட்டுகிற மாதிரி சேவலின் காலில் கத்தி கட்டியிருந்தது என்று என் மைத்துனன் ஊரெல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கயிறுதானுங்க. வெறும் கயிறு.