நாகேஸ்வரன் நேர்ந்துகொண்ட எலிகள்

"அந்தாத்துல முதல் தோசை எலிக்காக்கும்."

"அப்போ அவருக்கு?"

"எலி வேண்டாம்னு விட்டது."

பால் பூத் வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இது. அவர்கள் திரும்பிப் பார்த்திருந்தால், அந்த 'அவர்' கையில் பையோடு பின்னாலேயே நிற்பது தெரிந்திருக்கும். நாகேஸ்வரன் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் குடியிருந்த வலியசாலையில் மழை இல்லாத நாளிலும் குடை உதவும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோபம் வந்தது. பேச்சில் பிழை எதுவும் இல்லை என்ற எண்ணம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

எலிகளை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவர் மனைவி விஜயலக்ஷ்மி இல்லை. அவரேதான். அதுவும் திட்டம் போட்டு.

விஷு முடிந்த வாரம் அது. கல்யாணமாகி எட்டு வருஷம் வரைக்கும் தனக்கென்று எதுவும் கேட்காதவள், கடுகு தாளித்துக்கொண்டே கேட்டாள். பூஜப்புரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஸுவாலஜி டீச்சர் வேலை காலி இருக்கிறது, போகட்டுமா என்று.

நாகேஸ்வரன் கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. எதை மறுத்தாலும் அக்கறையாக மறுப்பார்.

"உடம்பு என்னத்துக்காகும் விஜயம்? பஸ்ஸுல நின்னுண்டு, வெயில்ல நடந்துண்டு..."

"நீங்க ஆபீஸ் போனா வர்ற வரைக்கும் நான் யாரோட பேசறது? சுவரோடயா?"

"டிவி இருக்கே."

"அது பேசறது. நான் பேசினா கேக்கறதா?"

நாகேஸ்வரன் அந்தக் கேள்வியை ஆபீஸுக்குக் கொண்டுபோய், ஃபைல்களுக்கு நடுவே வைத்து ஆராய்ந்து, ஒரு முடிவுக்கு வந்தார். மனைவிக்கு வேண்டியது வேலை இல்லை, ஒரு துணை. சொன்னதைக் கேட்க வேண்டும், பதில் சொல்லக் கூடாது. நாயை அக்ரஹாரத்துக்குள் கொண்டுவர முடியாது. பூனை மீன் நாற்றத்தைத் தேடிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விடும். கிளி வேண்டவே வேண்டாம். வீட்டில் கேட்டதைத் தெருவுக்குச் சொல்லும்.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் சாயா குடிக்கும்போது பழக்கமானவர் ஜெபசிங். மார்த்தாண்டத்துக்காரர். ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர்தான் வழி சொன்னார்.

"வெள்ளை எலி கொண்டு போவும் சாரே. கொரைக்காது, ஊரு சுத்தாது. ஆனா சும்மா விட முடியாது, கேட்டீரா. நாளும் கூடு கழுவணும். அடியில பேப்பர் மாத்தணும். நேரா நேரத்துக்குத் தீனி வைக்கணும். கையில எடுத்து வச்சு பேச்சுக் குடுத்தாத்தான் பழகும். ஒத்தைக்கு வளத்தா ஏங்கிச் செத்துப்போவும், ரெண்டு வேணும்."

"அவ்வளவு வேலை இருக்கோ?" என்று நாகேஸ்வரன் ஆசையாகக் கேட்டார். ஜெபசிங் சொன்ன ஒவ்வொரு தொந்தரவும் அவர் காதில் தேனாக விழுந்தது. இப்படி ஒரு ஜோடி வீட்டில் இருந்தால் எந்தப் பெண்ணால் பூஜப்புரைக்குப் போக முடியும்?

"ஆணு ரெண்டா, பெண்ணு ரெண்டா, எப்பிடி வேணும்?"

பஸ் வந்துவிட்டது. "எலிதானேய்யா. ஏதாவது ரெண்டு" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கூண்டோடு வந்த எலிகளை விஜயலக்ஷ்மி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். கூசவில்லை, அலறவில்லை. வாலை விலக்கி, புரட்டிப் பார்த்து, திரும்பக் கூண்டுக்குள் விட்டாள். அவள் முகத்தில் வந்து போனது சிரிப்பா என்று நாகேஸ்வரன் யோசிப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது.

பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி மாமி. இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று. சுவர் பொது, காது மாமியுடையது.

"நாகேஸ்வரா, எலியைக் கூப்பிட்டு உள்ள வெச்சிருக்கியாமே. மடி ஆசாரமெல்லாம் கிள்ளியாத்துல விட்டாச்சோ? நாளைக்கு எங்காத்து அரிசி டின்னுலன்னா வந்து நிக்கும்."

மாமிக்குப் பின்னால் பாதித் தெரு நின்றது. நாகேஸ்வரனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பெரிய காரணமாக, யாரும் மறுபேச்சுப் பேச முடியாததாக. வாய் முந்திக்கொண்டது.

"பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்துண்டிருக்கேன் மாமி. அவர் வாகனத்தை ஆத்துல வெச்சு சம்ரட்சிக்கறேன்னு. ஒரு குழந்தைக்காக."

தெரு அடங்கிவிட்டது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே அடுக்களையில் ஒரு பாத்திரம் சத்தமே வராமல் கீழே வைக்கப்பட்டது. வந்திருந்தால் தேவலை என்று நாகேஸ்வரனுக்குத் தோன்றியது.

அன்றைக்கு ரசம் பரிமாறும்போது அவள் கேட்டாள். "குழந்தைக்கு நேர்ந்துண்டேளா?"

"மாமி வாயை அடைக்கறதுக்குச் சொன்னது. சும்மா."

"ரெண்டு பேருமா டாக்டரைப் பாக்கலாம்னு நான் சொன்னப்போ வெக்கமா இருக்குன்னேள். தெருவுல நின்னு சொல்றதுக்கு வெக்கமில்ல."

கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பூஜப்புரைப் பேச்சையும் எடுக்கவில்லை. நாகேஸ்வரன் இரண்டாவதை மட்டும் கவனித்துத் திருப்திப்பட்டார்.

எலிகளுக்கு அவள் பெயர் வைத்தாள். கொழுத்தது ஆபீஸர். துணித் தொட்டிலில் மல்லாந்து நாள் முழுக்கத் தூங்கும். மெலிந்தது குமாஸ்தா. பேப்பரைக் கிழித்து, இழுத்து, மூலையில் அடுக்கி, ஓயாமல் ஏதோ செய்துகொண்டே இருக்கும். பேர் சொன்னால் இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். அவள் கறிகாய் நறுக்கும்போது குமாஸ்தா தோளில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கும். சந்தோஷம் வந்தால் பல்லை நறநறவென்று கடிக்கும்.

"சந்தோஷத்துக்கு ஏன் பல்லைக் கடிக்கணும்?" என்று நாகேஸ்வரன் ஒருநாள் கேட்டார்.

"குடும்பத்துல இருக்கறவா அப்படித்தான்" என்றாள்.

ஆவணி அவிட்டத்துக்கு முதல் நாள் ஷெல்ஃபில் வைத்த புதுப் பூணூலை ஆபீஸர் மெத்தை ஆக்கிக்கொண்டது. நாகேஸ்வரன் எதிர்வீட்டில் இரவல் கேட்க வேண்டி வந்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த டெலிபோனின் ஒயரைக் குமாஸ்தா ஒரே மத்தியானத்தில் தீர்த்துக் கட்டியது. லைன்மேன் வந்து ஒயரைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான், பிறகு நாகேஸ்வரனை வெகுநேரம் பார்த்தான்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் அவர் வரும்போது உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்கும். விஜயலக்ஷ்மி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவர் செருப்பைக் கழற்றியதும் நின்றுவிடும். காபி வரும். அவ்வளவுதான். பேச்சுத் துணை வாங்கிக் கொடுத்தவர், பேச வேண்டியதெல்லாம் அங்கேயே தீர்ந்துபோகும் என்று எதிர்பார்க்கவில்லை. தோசையிலும் அதே வரிசைதான். கல்லிலிருந்து எடுத்த முதல் தோசை ஊதி ஊதி ஆற்றப்பட்டுக் கூண்டுக்குப் போகும். அவருடையது தானாக ஆறும்.

பால் பூத்திலிருந்து அன்று வீடு திரும்பும்போது நாகேஸ்வரன் தீர்மானித்துவிட்டார். எலிகளை இன்றே ஜெபசிங்கிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

உள்ளே விஜயலக்ஷ்மி கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"மெதுவா வாங்கோ. குமாஸ்தா பெத்திருக்கு."

பேப்பர்த் துணுக்குகளுக்கு நடுவே விரல் நுனி அளவுக்கு, செக்கச்செவேலென்று ஒரு குவியல் நெளிந்தது.

"குமாஸ்தாவா? அது ஆணில்லையோ?"

"ஆத்து வேலை முழுக்க அதுதானே பண்ணிண்டிருந்தது. அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

"உனக்குத் தெரியுமா?"

"கொண்டுவந்த அன்னிக்கே."

"சொல்லப்படாதோ?"

"நீங்க கேக்கலையே. ஸுவாலஜி படிச்சவ ஒருத்தி இங்க இருக்கான்னு உங்களுக்கு எங்க ஞாபகம் வரது?"

மாமி சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "எத்தனை? பதினொண்ணா? பாத்தியா, பிரார்த்தனை பலிச்சுடுத்து. கொஞ்சம் விலாசம் மாறிடுத்து, அவ்வளவுதான். அடுத்தது உங்களுக்கு" என்று விஜயலக்ஷ்மியின் வாயில் சர்க்கரையைப் போட்டாள். விஜயலக்ஷ்மி அதை விழுங்கினாள். அவ்வளவு சின்னப் பொருளை விழுங்க அவ்வளவு நேரம் ஆகக்கூடாது.

"இத்தனையை வெச்சுண்டு என்ன பண்றது மாமி? திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் நாகேஸ்வரன்.

"நேர்ந்த வாகனத்தையா? குட்டிகளை வேணும்னா குடு. நேர்ந்த ரெண்டையும் படி தாண்ட விட்டா தெய்வக் குத்தம்டா."

குட்டிகளைப் பார்க்க ஜெபசிங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விஜயலக்ஷ்மி ஸுவாலஜி படித்தவள் என்று பேச்சில் தெரிந்துகொண்டார்.

"பதினொண்ணும் உயிரோட கெடக்கே. எங்க இடத்துல தள்ளை எலி பயந்துபோய்ப் பெத்ததுல பாதியத் தின்னுப்போடும். நல்ல கைப்பாங்கு உள்ள ஆளு கெடைக்க மாட்டேங்குது. மேடம், எங்க அனிமல் ஹவுஸுல ஒரு போஸ்ட் காலியா கெடக்கு. ஸுவாலஜி படிச்சவங்களத்தான் தேடுறாங்க. வாறீங்களா?"

விஜயலக்ஷ்மி கணவனைப் பார்த்தாள். நாகேஸ்வரன் இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை மாதமும் எலி நாற்றத்தைச் சகித்தார்.

"வரலாம் ஜெபசிங். ஆனா ஆத்துல எலியை யார் பாத்துப்பா? நாளும் கூடு கழுவணும், நேரத்துக்குத் தீனி வெக்கணும்னு நீர்தானே சொன்னீர்?"

"அது செரிதான்" என்று ஜெபசிங் ஒத்துக்கொண்டார். விஜயலக்ஷ்மி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். பூணூல், டெலிபோன், பால் பூத் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றைக்கு வசூலாகிவிட்டது. நாகேஸ்வரன் ஆபீஸர் மாதிரி மல்லாந்து தூங்கினார்.

மறுநாள் அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது. முதல்முறையாகச் சுவர் அவருக்காக வேலை செய்தது.

"மாமி, ஒரு சந்தேகம். நேர்ந்துண்டவர் இருக்கச்சே, வாகனத்துக்கு நான் தீனி வெச்சிண்டிருக்கேனே. தோஷம் உண்டோ?"

"அடிப்பாவி. இத்தனை நாளா அவன் கையால வெக்கலியோ?"

"அவருக்கு எங்க மாமி நேரம்."

"அதான் உங்களுக்குப் பலிக்கல, எலிக்குப் பலிச்சுது. நேர்ந்தவன் குளிச்சு, ஈர வேஷ்டியோட, ஆத்துல பண்ற முதல் பதார்த்தத்தைத் தன் கையால வெக்கணும். காலம்பற ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம். கூடு கழுவறதும் அவன்தான்."

"நான் கிட்ட இருந்தா என்னையறியாம வெச்சுடறேன் மாமி. கை பழகிப்போச்சு."

"அப்படின்னா அந்தச் சமயம் நீ ஆத்துல இருக்கப்படாது."

"எங்க போறது மாமி?" அவளே தொடர்ந்தாள். "ஒரு வேலைக்குக் கூப்பிடறா. கார்த்தால போனா பொழுது சாஞ்சுதான் வர முடியும். இவர் விடுவாரோ என்னமோ."

"விடாம? குழந்தை வேணும்னு நேர்ந்தது அவனா நானா? நான் சொல்றேன் அவன்கிட்ட. நீ பேஷாப் போ."

நாகேஸ்வரன் பாதி முகத்தில் சோப்போடு நின்றார். வாய் திறந்தால் ஒன்றுதான் சொல்ல முடியும். நேர்ச்சையே பொய், பிள்ளையார் பேரில் புளுகியது, அதுவும் குழந்தையைச் சொல்லி. அதைச் சொல்ல மாமி வீட்டு வாசல் வரைக்கும் போனார். மாமி அவரைப் பார்த்ததும் கண் கலங்கி, "பலிக்கும்டா நாகேஸ்வரா, இனிமே பலிக்கும்" என்றாள். திரும்பி வந்து மிச்ச சவரத்தை முடித்தார்.

குட்டிகள் கண் திறந்து, பால்குடி மறந்ததும் விஜயலக்ஷ்மி வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் காலை, பதினொன்றையும் ஒரு மூடிக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டாள். புடவை புதிதில்லை. ஆனால் அவர் பார்த்ததில்லை.

"அங்க கொண்டுபோனா அதுகளை என்ன பண்ணுவான்னு தெரியுமோ உனக்கு?" என்றார். கடைசி அஸ்திரம்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அதுகளுக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சவ ஒருத்தி பக்கத்துல இருக்கட்டும்." கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டாள். "என்னை யாரும் கேக்காம இந்தாத்துல கொண்டுவந்து விட்டப்போ அப்படி ஒருத்தர் இருக்கல."

படி இறங்கியவள் ஏதோ நினைவு வந்து நின்றாள். "மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு. குமாஸ்தா மறுபடி உண்டாயிருக்கு, அதட்டாதேங்கோ."

தெரு முனை திரும்பும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூண்டுக்குள் இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றன.

"நாகேஸ்வரா" என்றது சுவர். "குளிச்சாச்சோ?"

நாகேஸ்வரன் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார். ஈர வேஷ்டியோடு தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி, ஒரு தோசை வார்த்து எடுத்து, துண்டு துண்டாகப் பிய்த்து, ஊதி ஊதி ஆற்றிக் கூண்டுக்குள் வைத்தார்.