டம்ப்ளிங் பஞ்சரான விவரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் அத்தையும், வீட்டிலுள்ள இரண்டு அடுப்புகளில் ஒன்றும் நலம். மற்ற அடுப்பைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கு நீங்களும் என் மகளும் உங்கள் ஓட்டல் முதலாளியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முதலாளியைச் சேர்த்ததற்குக் காரணம், புதன்கிழமை மத்தியானம் அவர் உங்களைத் திட்டியது போனில் எனக்கும் நன்றாகக் கேட்டது.

நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். நாற்பது வருடமாகப் பஞ்சர் ஒட்டுகிறவன், எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நமக்குள் போன் பேச்சு என்பதே புதன்கிழமைதான் தொடங்கியது. கல்யாணத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு வார்த்தையால் இரண்டு வருடமாக நீங்கள் என் வாசலை மிதிக்கவில்லை. நானும் வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. என் மகள்தான் அங்குமிங்கும் போய் வந்துகொண்டிருக்கிறாள்.

உங்கள் அத்தைக்குக் காய்ச்சல் விட்டுப் பதினோரு நாள் ஆகிறது. காய்ச்சல் போகும்போது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரொட்டியைக் கொடுத்தால் அட்டை என்றாள், பாலைக் கொடுத்தால் சுண்ணாம்பு என்றாள், அதற்கப்புறம் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மணிக்கட்டில் இருக்க வேண்டிய வளையல் முழங்கை வரை ஏறியது. "வாய் வழியா சாப்பிடலேன்னா மறுபடி அட்மிட்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு சண்டை போட்டவள் சண்டையையே விட்டுவிட்டாள் என்றால் நான் எப்படிக் கடையைத் திறப்பேன்? என்னதான் வேணும் உனக்கு என்று கேட்டுக் கேட்டு, புதன்கிழமை காலையில் ஒருவழியாக வாயைத் திறந்தாள். "பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை ஒரு தடவை செஞ்சு குடுத்தாரே, நூடுல்ஸும் டம்ப்ளிங்கும் போட்டு, சூடா, சூப்போட... அது கிடைச்சா ரெண்டு வாய் சாப்பிடுவேன்" என்றாள். அவள் உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதைப் பற்றி நானும் அவளும் பிறகு பேசிக்கொள்கிறோம்.

என் மகள் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் உங்கள் நம்பரைப் போட்டேன். மூன்று தடவை, மணி அடிப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். நான்காவது தடவை நீங்கள் எடுத்து, "சொல்லுங்க மாமா" என்றீர்கள், நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனவர் மாதிரி. சிக்னல் இல்லை என்று நினைத்து நீங்கள் ஹலோ ஹலோ என்றீர்கள். சிக்னல் இருந்தது மாப்பிள்ளை.

"பத்து நிமிஷ வேலை மாமா" என்றீர்கள். கோழிக் கொத்துக்கறி, முட்டைக்கோஸ், இஞ்சி, துளி சோயா சாஸ் எல்லாம் பிசைந்து, மைதா மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் வைத்துக் கொழுக்கட்டை மாதிரி மடிப்பது வரை நீங்கள் சொன்னபடியே செய்தேன். வினை எங்கே வந்ததென்றால், கடைசியாக நீங்கள் சொன்ன வார்த்தையில் வந்தது. "உள்ள காத்து நிக்கக் கூடாது மாமா, ஓரத்துல துளி ஓட்டை இருந்தாலும் கொதிக்கும்போது தண்ணி பூந்து வெடிச்சுடும்." இதைப் போய் ஒரு பஞ்சர் கடைக்காரனிடம் சொல்லலாமா? ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். கடையிலிருந்து தொட்டியைக் கொண்டுவந்து (இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவித்தான்) பச்சைத் தண்ணீரை நிரப்பி, இருபத்து நான்கு டம்ப்ளிங்கையும் ஒவ்வொன்றாக முக்கி, அமுக்கி, திருப்பிப் பார்த்தேன். ஒன்பதில் குமிழி வந்தது. நல்லவேளை, இப்போதே பார்த்தோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஓட்டையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடப் போனேன், பென்சில் உள்ளே போய்விட்டது. அப்புறம் துணியால் ஒற்றி எடுத்து, முள்கரண்டியால் சுரண்டிக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, மாவிலேயே சின்னச் சின்ன ஒட்டு வெட்டி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். மைதாப் பசைதான் போட்டேன், டியூபுக்குப் போடுகிற சொல்யூஷன் போடவில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஒன்பதுக்கும் ஒட்டுப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், தொட்டியில் இருந்த மற்ற பதினைந்தையும் காணோம். போஸ்டர் ஒட்டுகிற பசை ஒரு தொட்டி இருந்தது, அடியில் முட்டைக்கோஸ் இருந்தது. இதற்கிடையில் நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று நூடுல்ஸை முன்னாலேயே ஒரு அடுப்பில் ஏற்றியிருந்தேன். நீங்கள் நாலு நிமிடம் என்றீர்கள், அது முக்கால் மணி நேரம் வெந்திருக்கிறது. மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து, வழிந்து இறங்கி, பர்னரில் உள்ள ஓட்டை ஒன்று விடாமல் அடைத்துவிட்டது. என் ஆயுளில் நான்கூட அவ்வளவு ஓட்டையை அவ்வளவு சுத்தமாக அடைத்ததில்லை. சரி, ஒன்பது டம்ப்ளிங்காவது மிஞ்சியதே என்று அவற்றை மற்ற அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். ஒன்பதும் வெடித்தன. ஒட்டு மட்டும் ஒன்றுகூடப் பிரியவில்லை.

மறுபடி போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாமா... தண்ணியில முக்குனீங்களா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். பின்னால் சட்டி மோதுகிற சத்தம், அதற்கும் மேலே உங்கள் முதலாளி, "வெளிய கூட்டம் நிக்குது, போனை வைய்யா!" என்று கத்துகிறார். நீங்கள் வைக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் நானே வைத்திருப்பேன். "பரவால்ல மாமா, மொத தடவை எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றீர்கள். பெரிய பொய். டம்ப்ளிங்குக்குப் பஞ்சர் பார்த்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "விரலைத் தண்ணியில தொட்டு ஓரத்துல தடவி அழுத்துங்க, அவ்வளவுதான். ஒட்டுறதுக்கு உங்க விரலுக்கு நான் சொல்லித் தரணுமா?" என்றீர்கள்.

அப்படியே செய்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. கிண்ணத்தில் நூடுல்ஸ், அதன் மேல் டம்ப்ளிங், அதன் மேல் சூப்பு ஊற்றி, வெங்காயத்தாள் தூவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை ஒன்றை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்றாள். அப்புறம், "உப்பு கம்மி" என்றாள்.

மாப்பிள்ளை, அவள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்! எனக்கு உயிர் வந்தது. ஏழு டம்ப்ளிங் சாப்பிட்டாள். கிண்ணத்தைச் சாய்த்துச் சூப்பையும் குடித்துவிட்டு, "இந்தக் கையை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா டியூபை ஒட்டிட்டு இருந்தீங்க?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தாள் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே கோடி நன்றி. இனி நானே செய்துகொள்வேன். நீங்கள் ஓய்வில்லாமல் உழைக்கிறவர், சிரமப்பட்டு இங்கே வந்து பார்க்க வேண்டும் என்பதில்லை. உங்கள் கையில் சூடு படாமல், கத்தி நழுவாமல், முதலாளிக்குக் கோபம் குறைந்து, நீங்களும் என் மகளும் நூறு வருடம் வயிறும் மனமும் நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளது உங்கள் அத்தை படிப்பதற்காக எழுதியது. அவள் படிக்காமல் இந்த வீட்டிலிருந்து எந்தக் கடிதமும் உறைக்குள் போகாது. இதைக் கடையில் உட்கார்ந்து தனியாக எழுதுகிறேன். இரண்டாவது தடவை செய்தவையும் வெடித்தன என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். மூன்றாவது தடவை போன் போட்டபோது, "அவ இன்னும் சாப்பிடல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் சமையல்கட்டு ஏப்ரனோடு வண்டியில் வந்து இறங்கினீர்கள். கேட்டைத் திறக்கவில்லை. மதில் மேல் நூடுல்ஸும் டம்ப்ளிங்கும் சூப்போடு இருந்த தூக்குவாளியை வைத்து, "நீங்க செஞ்சதுன்னே சொல்லுங்க மாமா, அத்தை சந்தோஷப்படுவாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதை நான் மறந்தேன், நீங்கள் மறக்கவில்லை. கூட்ட நேரத்தில் அடுப்பை விட்டு வந்ததற்காக மறுநாள் முழுக்க உங்களை வெங்காயம் உரிக்க வைத்தார்களாம், மகள் சொன்னாள்.

"சட்டி கழுவுறவனுக்கா என் பொண்ணு?" என்று நாலு பேர் நடுவில் கேட்டவன் நான். அந்த ஆளுக்கு அவன் பெண்டாட்டி முன்னால் நல்ல பேர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். உள்ள வாங்க என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது, அதற்குள் உங்கள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. என்னை மன்னித்துவிடுங்கள்.

வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மகளை வரச்சொல்லி என் கைப்பக்குவத்தைக் காட்டப் போவதாக அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்கு இப்போதே வேர்க்கிறது. இரண்டு பேருமாகக் காலையிலேயே வந்துவிடுங்கள். அவளிடம் உண்மையை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். எரிகிற அடுப்பு ஒன்றுதான் இருக்கிறது, அதில் நீங்கள் சமையுங்கள். சட்டியெல்லாம் நான் கழுவுகிறேன்.