கிழங்கு ஆலைக்கு வந்த ‘விளக்கம்’ சார்

கோபப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரிடம் வசமாக மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஓர் ஆலையில் அப்போது நான் சூப்பர்வைசர். எதிர்த்துப் பேசினான் என்று ஒரு தொழிலாளியை முதலாளி நின்ற இடத்திலேயே வேலையை விட்டுத் தூக்கினார். அவன் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து, கழுத்தில் மாலையோடு திரும்பி வந்தான். “மொதல்ல உங்க மேனேஜருங்களுக்குச் சட்டம் சொல்லிக் குடுங்க” என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அதற்காகச் சங்கராபுரத்திலிருந்து பிடித்து வரப்பட்டவர்தான் இவர். தொழிலாளர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் சனிக்கிழமை, மாவு மூட்டைகளுக்கு நடுவே வகுப்பு.

“லேட்டா வர்ற ஆள இன்னா பண்ணுவ?” என்று மேனேஜரைக் கேட்டார்.

“வெளிய நிக்க வெப்பேன் சார்.”

“ஏன் லேட்டுன்னு கேட்டியா?”

“கேட்டா பொய் சொல்லுவான் சார்.”

“பொய்யாவது சொல்லட்டுமேய்யா! அதக்கூட கேக்காம இன்னாத்துக்கு உனக்கு ரெண்டு காது?”

அவர் போட்ட சத்தத்தில் மூட்டை மேல் தூங்கிய பூனை குதித்து ஓடியது. முதலில் விளக்கம் கேள், பிறகு தண்டனையைப் பற்றி யோசி. அவருடைய மொத்தப் பாடமே இவ்வளவுதான். இதை நடத்தத்தான் எங்கள் சனிக்கிழமைகளையெல்லாம் தின்று தீர்த்தார். அவருக்கு ‘விளக்கம்’ சார் என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒருநாள் ஆலை வாசலில் அவரை நாய் கடித்தது. நான் கல்லை எடுத்தேன். நாயை விட்டுவிட்டு என் மீது பாய்ந்தார். “கல்லக் கீழ போடு! வால மிதிச்சது நானு. அது பக்கத்து நியாயத்த எவன் கேக்கறது?” ஆஸ்பத்திரிக்கு அவரைச் சைக்கிளில் வைத்து மிதித்தவன் நான். வழியெல்லாம் திட்டு வாங்கியவனும் நான்தான். நாய்க்குக் கிடைத்த நியாயம் எனக்குக் கிடைக்கவில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு லாரி இறங்கவில்லை. ஆலை நின்றுபோனது.

எல்லாம் அடங்கி ஆலை திறந்த சனிக்கிழமை, மலையடிவாரத்திலிருந்து கிழங்குத் தோல் சீவ வரும் பெண்கள் வாசலில் கூடி நின்றார்கள். முதலாளி உள்ளே விடவில்லை.

“சொல்லாம கொள்ளாம வேலைக்கு வராம நின்னவங்களுக்கு இனிமே இங்க வேல கெடையாது. புது ஆளு எடுங்க” என்றார். மேனேஜர் தலையாட்டினார். நாங்களும் ஆட்டினோம். அத்தனை சனிக்கிழமை படித்த லட்சணம்!

அந்தப் பெண்களில் சின்னப்பொண்ணு என்பவள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “பஸ்ஸு ஓடலீங்க. நடந்து வந்தோம், போலீசு பாதியிலயே திருப்பி அனுப்பிட்டாங்க. நாங்க இன்னாங்க பண்றது? ஒரு வார்த்த கேக்கக் கூடாதுங்களா?”

வகுப்பெடுக்க வந்த ‘விளக்கம்’ சார் காதில் இது விழுந்தது. நேராக முதலாளி அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே நாங்கள்.

“மேனேஜர்! போராட்டம் நடந்தப்போ நீ வேலைக்கு வந்தியா?”

“எப்பிடி சார்? ரோடு பூரா மரம்…”

“கணக்குப்புள்ள, நீ?”

“வூட்லதான் சார் இருந்தேன்.”

என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“மொதலாளி, நீங்க?”

முதலாளி ஆத்தூரில் மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

“அப்ப யாருதான்யா வந்தது?”

ஆலைக்குள்ளேயே குடியிருந்த வாட்ச்மேன் கூச்சத்தோடு கையைத் தூக்கினார்.

“சரி! எல்லாரும் வூட்டுக்குக் கெளம்புங்க. நாளையிலேர்ந்து ஆலைய வாட்ச்மேனே ஓட்டட்டும்!”

முதலாளிக்கு முகம் சிவந்தது. “சம்பளம் குடுக்கறது நானு. நீங்க யாரு பக்கம் பேசறீங்க?”

“உங்க பக்கந்தான்! மறுபடியும் கோர்ட்டுல போயி நிக்கப் போறது நீங்கதானே!”

கடைசியில், எதற்கும் தலையாட்டும் எங்கள் மேனேஜரே மெதுவாக, “கேட்டுடலாம் மொதலாளி. அவங்க மேல தப்பு இருக்கற மாதிரி தெரியல” என்றார். கதவு திறந்தது. சின்னப்பொண்ணு முன்னால் வர, எல்லாப் பெண்களும் உள்ளே வந்தார்கள்.

அன்று சாயங்காலமே ‘விளக்கம்’ சாரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் முதலாளி. எங்களுக்குக் கொதித்தது. “ஒரு விசாரணகூட இல்லாம உங்கள எப்பிடி சார் அனுப்பலாம்?” என்று பஸ் ஸ்டாண்டில் நான் பொரிந்தேன்.

அவருக்கு வந்ததே கோபம்! “நான் இன்னா தொழிலாளியா? வகுப்பெடுக்கக் கூப்ட்டாங்க, வாணாம்னுட்டாங்க. இதுக்கு இன்னாய்யா விசாரண? இந்த வித்தியாசங்கூட தெரியாம இத்தினி நாளா இன்னாத்தக் கத்துக்கினீங்க?”

சங்கராபுரம் பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலில் தலையை நீட்டித் திட்டிக்கொண்டே போனார். இன்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. பஸ் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று இருந்தது.