தங்கப் புன்னகை விருது

மனிதகுலம் ரயிலைக் கண்டுபிடித்தது பெரிய சாதனையல்ல. ரயிலைப் பற்றிக் கேட்டு வருகிறவரை மனம் கோணாமல் அனுப்பக் கற்றுக்கொண்டதே சாதனை. அந்தப் பெருமை ஜாவாவின் கெடுங்ரெஜோ நிலையத்து விசாரணைச் சாளரத்துக்கே சேரும். பதினேழு ஆண்டுகளாக அங்கே அமர்ந்திருக்கும் பாக் விர்யோ, அதாவது விர்யோ ஐயா, எந்தப் பயணிக்கும் 'இல்லை' என்று சொன்னதில்லை. முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வது ஊரில் மரியாதையல்ல. கல்யாணமே வேண்டாம் என்றிருக்கும் அறுபது வயதுக்காரரும், "ஆச்சா?" என்று கேட்டால் "இன்னும் இல்ல" என்றுதான் சொல்வார்.

மேலிடம் இதை மெச்சி, 'பயணிகள் அடிக்கடி கேட்கும் இருபத்திரண்டு கேள்விகள்' என்று பதில்களோடு சுற்றறிக்கையே அனுப்பியிருந்தது. வண்டியே வராவிட்டால் என்ன சொல்வது என்பது மட்டும் அதில் விட்டுப்போயிருந்தது. திங்கட்கிழமை வெள்ளத்தில் பாலம் போனதிலிருந்து சோலோ நகருக்குப் போகும் வண்டி ரத்து.

அன்று 'தங்கப் புன்னகை' விருதுக்கான சோதனை. மேலதிகாரி பாக் ஹெர்மான்தோ கோப்போடு விர்யோவின் பின்னால் உட்கார்ந்திருந்தார். காலை பத்தே முக்காலுக்கு தெம்பே என்னும் சோயா வறுவல் பொட்டலத்தோடு இபு சுலாஸ்மி, அதாவது சுலாஸ்மி அம்மா, வந்தாள். மூன்று வருட வேலைக்குத் தைவான் போகும் மகனை வழியனுப்பக் கிளம்பியிருந்தாள். அவன் மூன்று மணிக்கு சோலோ விமான நிலையத்தில் உள்ளே போய்விடுவான்.

"பாக், சோலோ வண்டி போயிடுச்சா?"

"இன்னும் இல்ல, இபு."

சத்தியமான பதில்.

"வந்துடும்ல?"

"வண்டின்னா வந்துதானே ஆகணும். சௌகரியமா உட்காருங்க." இது ஒன்பதாம் கேள்விக்கான பதில்.

"எதிர்ல பஸ் நிக்குது. ரெண்டு மணிக்கு சோலோ போயிடுமாம். அதுல ஏறிடட்டுமா?"

விர்யோவின் பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"பஸ்ஸும் நல்லதுதான், இபு. ரயில்ல அலுப்பு தெரியாது." இது பதினாறு.

இவ்வளவு அன்பாகச் சொல்பவரைத் தட்ட மனமில்லாமல் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. விர்யோ கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று பாதி எழுந்தார்.

"பயணியைக் கண்டதும் எழுந்து நிற்கிறார்" என்று முணுமுணுத்தபடி ஹெர்மான்தோ இரண்டு மதிப்பெண் கூட்டினார். விர்யோ உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்கு அவள் கைப்பேசி ஒலித்தது. "அம்மா, பாலம் திங்கக்கிழமையே போயிடுச்சாமே. ரயில் நிலையத்துல யாரும் சொல்லலையா? சரிம்மா, உள்ள கூப்பிடறாங்க."

அதற்குள் ஹெர்மான்தோ நூற்றுக்கு நூறு போட்டு, விர்யோவின் சட்டையில் தங்க வில்லையைக் குத்தியிருந்தார். சுலாஸ்மி சாளரத்துக்கு வந்து பொட்டலத்தை வைத்தாள்.

"சாப்பிடுங்க, பாக். ஆறிப் போச்சு."

விர்யோவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது.

"என்னை மன்னிச்சுட்டீங்கதானே, இபு?"

அவள், சுற்றறிக்கையே மெச்சும்படி, பணிவாகச் சிரித்தாள்.

"இன்னும் இல்ல, பாக்."