பாயிண்ட் சார் அறுத்த சலவைக்கட்டி

ஆவணி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் தோவாளைப் பூச்சந்தைக்கு எதிர் மாடியிலிருந்த எங்கள் கணினிப் பயிற்சி மையத்தைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, திரைகளைத் துடைத்து வைத்தேன். நான் மேலாளர், பாடம் எடுத்தவர் ‘பாயிண்ட் சார்’; பட்டப்பெயர்தான். தப்பான விடையைக் கண்டால் லாட்டரி விழுந்ததுபோல் துள்ளுகிற ஒரே வாத்தியார் இந்தப் பூமியில் அவர்தான். ஒரு மாணவருக்குப் பிழைச்செய்தி வந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தவர். இப்போது மஸ்கட்டில் இருக்கிறார்.

அப்போது தொடங்கிய புரோகிராம் எழுதும் புது வகுப்பில் சேர்ந்தது ஒருவர்தான்: சந்தையில் பிச்சிப்பூக் கடை வைத்திருந்த செல்வி அக்கா. அவரும் நின்றுவிட்டால் வகுப்பையே மூடிவிடச் சொல்லியிருந்தார் முதலாளி.

அன்று அக்கா முதல்முறையாக 0.1 + 0.2 கூட்டினார். திரையில் வந்தது 0.30000000000000004.

“என்ன சாரே இது? நூறு கிராமும் எரநூறும் முன்னூறுன்னு எனக்க கடைப் பூனைக்கும் தெரியும். இத நம்பி கடையில எடை காட்ட போர்டு வச்சா சந்தையே சிரிக்கும். நாளைக்கு நான் வரல்ல.”

நான் அக்காவைச் சமாதானப்படுத்த எழுந்தேன். சாரோ நாற்காலிமேல் ஏறாத குறை.

“வந்துட்டு பாத்தியளா. அக்கா, கடையில பழைய தராசு கிடந்தா எடுத்துட்டு வாங்க. மக்கா, நீ ஓடிப்போய் ஒரு கிலோ சலவைக்கட்டி வாங்கு.”

ஓடிப்போய் துணி சோப்புக் கட்டியோடு வந்தேன்; அக்கா தராசைக் கொண்டுவந்திருந்தார். சார் ஒரு தட்டில் நூறு கிராம் படிக்கல்லை வைத்தார்.

“கம்ப்யூட்டருக்குப் பாதி, அதுல பாதின்னுதான் வெட்டத் தெரியும். ஒவ்வொரு அளவுலயும் ஒரு துண்டுதான் வைக்கலாம். இந்த ஒரு கிலோதான் 1, நூறு கிராம் 0.1. நூறு வருதான்னு பாப்போம்.”

அறுத்தார். கூடினால் எடுத்தார், குறைந்தால் அடுத்த பாதியை வைத்தார். துண்டுகள் வெங்காயத் தோலாக மெலிந்தன. முள் நடுவுக்கு வருவதுபோல் வந்து வழுக்கியது. சந்தைக்காரர்கள் படியேறி வந்து பந்தயம் கட்டினார்கள். சாரின் மீசையெல்லாம் சோப்பு.

கடைசியில் அக்காதான் சாரின் கையைப் பிடித்தார். “போதும் சாரே. இனி ஒரு பிச்சிமொட்டு எடைகூட வித்தியாசம் இல்ல. இத யாரு பாக்கப் போறா?”

“கம்ப்யூட்டரும் அப்பிடித்தான் நிறுத்திக்கிடும். 0.1 அதுக்குள்ள கிட்டத்தட்டத்தான் இருக்கு. தனியா கேட்டா சுருக்கி 0.1-ன்னு காட்டும். கூட்டும்பம் அந்தத் துளி எட்டிப் பாக்கும். புள்ளிக்குப் பொறவு ஒரு இலக்கம் போதும்னு நாமதான் சொல்லணும்.”

அக்கா அப்படியே எழுதினார். திரையில் 0.3.

“உள்ள இருக்கது மாறிச்சா?”

“இல்லக்கா. காட்டுகதுதான் மாறிச்சு.”

“அப்பம் சரி. நாளைக்கு எப்பம் வரணும்?”

மறுநாள் காலை முதல் வேலையாக மேசையிலிருந்த சோப்புச் சீவல்களைக் கூட்டினேன். சார் கடைசியாக அறுத்த துணுக்கு ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. அதை மட்டும் காகிதத்தில் மடித்து என் பேனா டப்பாவில் வைத்தேன். இன்னும் வாசம் போகவில்லை.