ஒரு தலைக்கு ஐந்து நேர்த்திக்கடன்

சேசு மரி சூசை துணை

மொரப்பூர்,
22.11.86, சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி சின்னப்பன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ரயில்வே கேட்கீப்பர் சவரிராயன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் மகள் ராஜமேரியும், பேத்தியும், நானும், என் மீசையும் சுகம். தங்கவயலில் உங்கள் கால்கட்டைப் பிரித்தார்களா, சம்பந்தி அம்மாளுக்கு மூட்டுவலி தேவலையா என்பதற்குப் பதில் எழுதவும். என் மனைவி மிக்கேலம்மாளும் மகன் அருள்சாமியும் சுகமா என்று மட்டும் கேட்க வேண்டாம். காலை பத்து மணியிலிருந்து எனக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தக் கடிதத்தை நான் மேசையில் வைத்து எழுதவில்லை. ராஜமேரியின் அறைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். பக்கத்தில் என் பழைய சிவப்புக் கொடி சாய்த்து வைத்திருக்கிறது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. உள்ளே உங்கள் மகளும் இரண்டரை மாதக் குழந்தையும் இருக்கிறார்கள். பதற வேண்டாம், கதவைச் சாத்தச் சொன்னவனே நான்தான். ஏன் சொன்னேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதோடு உங்களிடம் ஒரு பெரிய உபகாரமும் கேட்க வேண்டும். பாப்பாவின் முதல் முடியை உங்கள் ஊர் அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறீர்கள் அல்லவா, அதை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு பாப்பாவுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. கால் முறிந்ததால் உங்களால் வர முடியவில்லை. கோழிக்குழம்பு முடிந்து ரசத்துக்கு வரும்வரை பந்தியில் எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம். ரசக்கரண்டியோடு வந்த மிக்கேலம்மாள், “ஆறு மாசம் ஆனதும் வேளாங்கண்ணிக்குப் போயி பாப்பாவுக்கு முடி எறக்கணும், நான் மாதாவுக்கு நேந்திருக்கறேன்” என்று சொன்னாள். உடனே கடத்தூரிலிருந்து வந்திருந்த என் அக்கா தெரசா, “அதெப்படி? மொத முடி லூர்து மாதாவுக்குன்னு நான் அஞ்சு வருசத்துக்கு முந்தியே சொல்லிட்டேன்” என்று இலையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அருள்சாமி இரண்டு பேரையும் அமர்த்துவதற்காக உங்கள் கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தான். அதில் நீங்கள் அதே முடியை அந்தோணியாருக்கு எழுதி வைத்திருந்தீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் பச்சியப்பன், கேட்கவே வேண்டாம், நம் வேதக்காரர்கூட இல்லை, அவர் கையைத் தூக்கி, “ரயிலண்ணா, எங்க முனியப்பனுக்கு நானும் சொல்லி வெச்சிருக்கறனுங்க. கெடாவும் முடியும்” என்றார். கிடாயை நான் ஒருவனே சாப்பிட்டுத் தீர்த்து வைப்பேன். முடிக்கு எங்கே போவேன்? அந்தப் பந்தியில் எதையும் நேராத ஒரே ஆள் நான்தான். மீசையை முறுக்கிக்கொண்டு அதைச் சொல்லவும் சொன்னேன். ராஜமேரி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் மாப்பிள்ளை சோற்றுக்கையோடு, “நானும் செபஸ்தியாருக்கு நேந்திருக்கறேன்” என்றான். எப்போது என்று தெரசா அக்கா கேட்டாள். “ஆபரேசன் டேபிள்ல படுத்திருக்கறப்ப” என்றான். “குடலெறக்கத்துக்குப் படுத்தவன் எதுக்குடா புள்ளைக்கு வேண்டினே?” என்று கேட்டாள். பந்தியே அவன் வாயைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் ரசத்தைப் பார்த்தேன்.

சம்பந்தி, அந்த ஆபரேஷன் குடலிறக்கத்துக்கு அல்ல. இதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். எட்டு வருஷம் பிள்ளை இல்லாததற்கு உங்கள் மகள் காரணமே இல்லை. தர்மபுரியில் ஒரு டாக்டரம்மா மூன்று வருஷத்துக்கு முன்பே ராஜமேரியைச் சோதித்துவிட்டு, “உனக்கு ஒரு குறையும் இல்லம்மா, உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா” என்று சொல்லி அனுப்பினார். அருள்சாமி இன்றைக்கு என்றான், நாளைக்கு என்றான், வேலை பார்க்கிற கூட்டுறவு சொசைட்டியில் லீவு இல்லை என்றான். இரண்டு வருஷம் அப்படியே ஓடிற்று. கடைசியில் நல்லம்பள்ளிக்கு எருமை பார்க்கப் போகலாம் வா என்று நானே பொய் சொல்லி பஸ் ஏற்றி, தர்மபுரியில் இறக்கி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் விட்டேன். குறை அவனிடம்தான் இருந்தது. அரைமணி நேர ஆபரேஷன், அவ்வளவுதான். அது முடிந்த ஏழாம் மாதம் உங்கள் மகள் புளிப்பு மாங்காய் கேட்டாள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பெரியவரே, பொண்ணுங்களை மட்டும் இழுத்துக்கிட்டு வர்ற ஊர்ல எருமை சாக்குல பையனைக் கூட்டிட்டு வந்த மொத மாமனார் நீங்கதான்” என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தேன். அதற்கு முந்தின ஏழு வருஷத்தை அவர் பார்க்கவில்லை.

அந்த ஏழு வருஷமும் என் வீட்டில் உங்கள் மகள் குடித்த மலைவேம்புச் சாறெல்லாம் என் மகன் குடித்திருக்க வேண்டியது. மாதா மாதம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மிக்கேலம்மாள் பாத்திரத்தை உருட்டிய சத்தம் என் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். தெரசா அக்கா வீட்டு வளைகாப்பில் சந்தனக் கிண்ணம் எல்லோர் கன்னத்துக்கும் போயிற்று, உங்கள் மகளைத் தாண்டிப் போயிற்று. அன்று கடத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி என் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. வண்டி மறைப்பில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பெட்டிக்குப் பெட்டி நடுவில் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாத விஷயம்.

ஆபரேஷன் முடிந்து வந்தபோது வீட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். ராஜமேரிதான், “வேணாங்க மாமா. அவரு வெளிய தலை காட்ட முடியாது. என் பேருதான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே, அப்படியே இருந்துட்டுப் போவட்டும்” என்றாள். சரி என்று நானும் குடலிறக்கம் என்று சாதித்துவிட்டேன். அப்படி நான் சரி என்று தலையாட்டியதற்கு உங்களிடமும் சம்பந்தி அம்மாளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று பந்தியில் தெரசா அக்கா விடாமல் கேட்கவே, அருள்சாமி தன் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிட்டான். அது தெரிந்ததும் மிக்கேலம்மாள் ரசக்கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். ராஜமேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் இனி வீடு அமைதியாகிவிடும் என்று நம்பினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, “அழுதது வேற, வேளாங்கண்ணி வேற” என்று ஆரம்பித்தாள்.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், பாப்பா தலையில் முடியே இல்லை. நெற்றியில் ஒரு கொத்து, பிடரியில் ஒரு கொத்து, நடுவில் வழவழப்பு. இதை வளர்க்க மிக்கேலம்மாள் விளக்கெண்ணெய் தேய்த்தாள். ஞானஸ்நானத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தெரசா அக்கா கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்தாள். பாப்பா கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு மத்தியானம் அக்கா கத்தரிக்கோலோடு தொட்டில் பக்கம் போனதைப் பார்த்து மிக்கேலம்மாள் கூச்சல் போட, அதிலிருந்து பாப்பாவுக்கு இரவும் பகலும் கம்பளிக்குல்லா. சரி, முப்பது வருஷம் இரண்டு பக்கமும் வண்டிக்காரன் கத்தக் கத்த கேட் போட்டவன், இதைத் தீர்க்க மாட்டேனா என்று நானே இறங்கினேன். ஒரு தேங்காயை எடுத்து அதன்மேல் கரியால் கோடு கிழித்து, தலையை ஐந்து பாகம் போட்டேன். முன்நெற்றி வேளாங்கண்ணி, வலது காது ஓரம் லூர்து, இடது காது ஓரம் செபஸ்தியார், உச்சி முனியப்பன். உங்கள் அந்தோணியாருக்குப் பின்மண்டை. அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை, முடி அங்கேதான் அதிகம். ஆனால் உச்சியில் ஒன்றுமே இல்லை என்று பச்சியப்பன் சண்டைக்கு வந்தார். நான் அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது மிக்கேலம்மாள் தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்துவிட்டாள்.

இத்தனையும் நடக்கும்போது ராஜமேரி சிரிக்கவில்லை சம்பந்தி. இதுதான் நான் எழுத வந்தது. சாப்பிடுவதில்லை, பாப்பா தூங்கும்போதுகூடத் தூங்குவதில்லை, சுவரைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை தடுப்பூசி போட வந்த நர்சம்மா பாஞ்சாலி, குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் இவள் முகத்தைத்தான் பார்த்தார். “என்னம்மா?” என்று கேட்டதும் உங்கள் மகள், “எட்டு வருசம் இதுக்குத்தானுங்க தவம் கெடந்தேன். சந்தோசமா இருக்க வேண்டியவ ஏன் அழுவறேன்னு எனக்கே தெரியலீங்க. நான் கெட்ட தாயிங்களா?” என்று கேட்டாள். நர்சம்மா, “பச்சை ஒடம்புக்காரிங்க எத்தனையோ பேருக்கு இப்படி வருது கண்ணு, உன் தப்பு ஒன்னும் இல்ல” என்று தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “புள்ள தலை யாருக்குன்னு ஊரே பேசுது. பெத்தவளுக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா? தூங்க வுடுங்க. அவ சொல்றதக் கேளுங்க. பத்து நாள்ல தெளியலீன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நானே கூட வர்றேன்” என்றார். மிக்கேலம்மாள், “பூண்டுக்குழம்பு குடுக்கறமே!” என்றாள். நர்சம்மா ஊசிப்பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார்.

இன்று காலை நான் கேட்டேன். உனக்கு என்ன வேணும் கண்ணு என்று கேட்டேன். எட்டு வருஷத்தில் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. உங்கள் மகள், “ஒரே ஒரு நாளு மாமா. எம்புள்ளையும் நானும் மட்டும். கதவைச் சாத்திக்கிட்டு” என்றாள். அவ்வளவுதானே, கேட் போடுவதுதானே என் உத்தியோகம் என்று பத்து மணிக்குச் சாத்தச் சொல்லி நாற்காலியைப் போட்டேன்.

அதிலிருந்து போக்குவரத்து நிற்கவே இல்லை. மிக்கேலம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள், கொடியைக் காட்டினேன். “வூட்டுக்குள்ளயே கொடி காட்டற ஆளை எங்கயாவது பாத்திருக்கறீங்களா?” என்று சுவரிடம் கேட்டுவிட்டுப் போனாள். தெரசா அக்கா பாயசத்தோடு வந்தாள், “டேய் சவரி, நான் உன் அக்கா” என்றாள். எக்ஸ்பிரஸ் வந்தாலும் இந்த கேட் திறக்காது என்றேன். பாயசத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். அருள்சாமி வந்து, “அப்பா, நான் புருசன்” என்றான். அந்த ஞாபகம் உனக்கு மூன்று வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தரையில் என் காலடியிலேயே உட்கார்ந்து, “அவகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்ப்பா, ஞாயித்துக்கெழமை பூசையில எல்லாரு முன்னாடியும் சொல்லிடறேன்” என்றான். முதலில் கதவு திறக்கட்டும், அவளிடம் சொல், பிறகு பூசையைப் பார்க்கலாம் என்றேன். இப்போது அங்கேயே உட்கார்ந்தபடி தூங்குகிறான்.

மத்தியானம் வரை உள்ளே சத்தமே இல்லை. இரண்டு பேரும் தூங்கினார்கள். மூன்று மணிக்குப் பாப்பா சிணுங்கிற்று, தாய் ஏதோ கொஞ்சினாள். இதோ, இதை எழுதும் இந்த நிமிஷம் உங்கள் மகள் சிரிக்கிறாள் சம்பந்தி. வாய்விட்டு, தனியாக, கதவுக்கு உள்ளே சிரிக்கிறாள். எதற்கு என்று தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து மேலே நாலு எழுத்து அழிந்திருக்கிறது, பொருட்படுத்த வேண்டாம்.

ஆகையால் அந்தோணியாரிடம் நீங்களே பேசி, முடியை விட்டுக்கொடுத்துவிட்டதாக ஒரு கார்டு போடவும். நீங்கள் ஒருவர் விட்டால் அதைக் காட்டி மற்ற நாலு பேரையும் நான் மடக்கிவிடுவேன். பாப்பாவின் தலை பாப்பாவுக்கும் அதன் தாய்க்கும் சொந்தம் என்பது என் தீர்மானம். இதில் மாற்றம் இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். சம்பந்தி அம்மாளுக்கு என் கும்பிடு. சின்னக் குழந்தைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
எதையும் நேராத ஒரே ஆள்,
மோ. சவரிராயன்

பின்குறிப்பு: மணி ஐந்து. கதவு திறந்தது. மேலே எழுதிய தீர்மானத்தை ரத்து செய்யவும். கார்டும் போட வேண்டாம். பாப்பாவின் தலை மழுங்க மொட்டை. ரவிக்கை தைக்கும் சின்னக் கத்தரிக்கோலால் உங்கள் மகளே உள்ளே உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள், நான் வெளியே கொடியோடு காவல் இருந்திருக்கிறேன். காலண்டர் தாளில் ஐந்து பொட்டலம் மடித்து, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி அடுக்கி வைத்திருந்தாள். “யாரு நேந்ததும் பொய்யாப் போவக் கூடாதுங்க மாமா. எல்லாரும் என்மேல ஆசை வெச்சுத்தான நேந்தாங்க. ஆறாவதா ஒன்னு எனக்கு, நான் ஒன்னும் நேரல, சும்மா வெச்சுக்கறேன்” என்றாள். உங்களுடையது இந்தக் கவருக்குள் இருக்கிறது. பின்மண்டை இல்லை, முன்நெற்றிதான். பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்தவும்.

ஏழாவதாக ஒரு பொட்டலம் இருந்தது. அதில் என் பேர். பிரித்தால் ஒன்றுமே இல்லை. என்ன கண்ணு இது என்றேன். “கேட்டுல நின்னு நீங்க நேந்தது மாமா. ‘மாதாவே, புள்ள குடு, குடுக்காமப் போ, இந்தப் பொண்ணு ஒரு நாளு வாய்விட்டுச் சிரிச்சாப் போதும், என் மீசையைத் தர்றேன்’னு கத்துனீங்களே” என்றாள். கூட்ஸ் சத்தத்தில் அது எப்படிக் கேட்டது என்றேன். “வண்டி போயி முடிஞ்ச அப்புறமும் நீங்க கத்திக்கிட்டேதான் இருந்தீங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி அதே சிரிப்பு சிரித்தாள். வீடு முழுக்கச் சிரிக்கிறது. அருள்சாமி மட்டும் கதவோரம் நின்று அழுகிறான், அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்திருக்கிறாள்.

நாளைக் காலை பூசைக்கு முன்னால் சவரக்கத்தியோடு முடிவெட்டும் ஆண்டி வருகிறான். முதல் பத்தியில் என் மீசை சுகம் என்று எழுதியிருக்கிறேன். அதை மட்டும் அடித்துவிட்டு வாசிக்கவும்.